மூழ்காத ரப்பர்: ஒன்றுகூடலுக்கு வீட்டிலேயே வார்த்த கீ செயின்

மாதிரிக்கு வந்த ‘ரப்பர் கீ செயினை’ ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நேரே அடியில் போய் உட்கார்ந்தது. இயற்கை ரப்பரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.92 கிராம். தண்ணீரைவிடக் குறைவு, மிதக்க வேண்டும். சுண்ணாம்புத் தூள், களிமண் என்று நிரப்பிகளை அதிகம் கலந்த ரப்பரும் மூழ்கும் என்பதால் இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். செம்புக் கம்பி ஒன்றைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கீ செயினின் ஓரத்தில் ஒரு தொடு தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது அது பிவிசி என்ற பிளாஸ்டிக். (இதைச் செய்கிறவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கம்பியில் கொஞ்சமே ஒட்டட்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.)

விஷயம் இதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் ஒன்றுகூடுவதென்று ஏற்பாடு. தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, தொழிலாளர் லயங்கள் இருந்த இடமே தெரியாது. ஆட்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கும் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்றும் போய்விட்டார்கள். வருகிறவர்களுக்கு ஒரு டோர் கிஃப்ட் வேண்டும் என்று குழுவில் முடிவானது. 150 பேர் வருவார்கள் என்று கணக்கு. குவளை, பேனா, பை என்று பேச்சு சுற்றிவந்து, கடைசியில் ‘பால்மரம் (ரப்பர் மரம்) போட்ட ரப்பர் கீ செயின்’ என்பதில் நின்றது. ஆயுசு முழுக்க ரப்பர் வெட்டிய சனத்துக்கு ரப்பரே இல்லாத ரப்பர் கீ செயினா? டம்ளரைக் கூட்டத்துக்கே கொண்டுபோய்க் காட்டினேன். “சரி, அப்ப நீயே செஞ்சு குடு” என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பினாங்கு பிறையில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் வார்ப்பு அச்சு மாற்றும் பிரிவில் வேலை பார்த்தவன். இலவசப் பொருள் எது கையில் வந்தாலும் முதலில் திருப்பிப் பார்த்து அச்சுக் கோட்டைத் தேடுகிற புத்தி அங்கே வந்தது. உங்கள் மேசை இழுப்பறையிலும் ஏதாவது ஹார்ட்வேர் கடையோ மருந்துக் கடையோ கொடுத்த பேனா இருக்கும், எடுத்துப் பாருங்கள். விளக்குக்கு எதிரே மெதுவாக உருட்டினால் உடம்பின் நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. கிளிப்பின் உட்பக்கத்தில் சின்ன வட்டத் தழும்பு இருந்தால், இறுகிய பிளாஸ்டிக்கை அச்சிலிருந்து ஊசி தள்ளிவிட்ட இடம். ஓரத்தில் எங்காவது நறுக்கிவிட்ட மாதிரி ஒரு புள்ளி இருக்கும், உருகிய பிளாஸ்டிக் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனது. பேனாவில் உண்மையிலேயே நுணுக்கமான வேலை முனையில் மட்டும்தான்: பெரும்பாலும் 0.7 அல்லது 1 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கார்பைடு குண்டும் அது சுழலும் குழியும்.

கடையின் பெயர் அச்சிடும் விதம் வேறு கதை. உருக்குத் தகட்டில் எழுத்தை நூலிழை ஆழத்துக்கு அரித்து, அதில் மை நிரப்பி வழித்துவிட்டு, சிலிகான் மெத்தை ஒன்றால் மையை ஒற்றியெடுத்துப் பேனாவில் அழுத்துவார்கள். மெத்தை வளைந்துகொடுப்பதால் உருண்டையான உடம்பிலும் எழுத்து கோணாமல் விழும். ஆனால் பேனா பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் என்றால் மை எளிதில் பிடிக்காது. அச்சிடுவதற்கு முன் மேற்பரப்பை நெருப்புச் சுடரிலோ மின்பொறியிலோ காட்டிப் பதப்படுத்த வேண்டும். அந்த வேலையை மிச்சம் பிடித்த பேனாவில் நகத்தால் சுரண்டினாலே கடை பெயர் கையோடு வந்துவிடும். மாதிரி வாங்கும்போது செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தேர்தல் காலத்திலும் கோயில் திருவிழாவிலும் கிடைக்கிற துணி மாதிரியான பைகளும் அதே பாலிப்ரொப்பிலீன்தான். உருக்கி நூலாகப் பீய்ச்சி, நெய்யாமலே விரித்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் அங்கங்கே புள்ளி புள்ளியாக உருகி ஒட்டிக்கொள்ளும். பையைத் தடவினால் தட்டுப்படும் அந்தப் புள்ளிகள் அலங்காரத்துக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். பையைத் தாங்குவதே அவைதான். வெயிலில் சில மாதம் தொங்கவிட்டால் புற ஊதாக் கதிர் பட்டு நொறுங்கிப் பொடியாக உதிரும். என் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடந்த பை அப்படித்தான் போனது.

அந்த ஆலை வேலையில் கற்றது ஒன்று: இந்த மாதிரிப் பொருளில் விலை பிளாஸ்டிக்கில் கிடையாது, அச்சில்தான். பேனா உடம்புக்குப் போகிற பிளாஸ்டிக் சில கிராம், அடித்து வெளியே வர ஆகும் நேரம் சில வினாடி. அதன் உருக்கு அச்சோ பல ஆயிரம் ரிங்கிட், ஒரே நேரத்தில் நிறைய உடம்பு அடிக்கும் அச்சு என்றால் அதற்கும் மேல். அந்தக் காசு லட்சக்கணக்கான பேனாவில் பங்கிடப்படுவதால்தான் ஒன்று சில காசுக்குக் கிடைக்கிறது. 150 பேனாவுக்காக யாரும் புது அச்சு குடையமாட்டார்கள். இருக்கிற பேனாவில் உங்கள் பெயரை ஒற்றிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். நமக்கென்று உருவமே வேண்டும் என்றால் நம்மால் அச்சு செய்ய முடிகிற பொருளாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் அந்த பிவிசி கீ செயின் எனக்கு வழி காட்டியது. அதற்கு உருக்கு அச்சும் கிடையாது, அழுத்தமும் கிடையாது. பிவிசி தூளை மென்மையாக்கும் எண்ணெயில் குழைத்த கூழை, உலோகத்தில் குடைந்த பள்ளத்தில் நிறம் நிறமாக ஊசிமுனையால் சொட்டுவிடுகிறார்கள். பிறகு 180 டிகிரி வாக்கில் சூடாக்கினால் தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஒரே உடம்பாக இறுகிவிடும். அழுத்தம் தேவைப்படாத அச்சு மலிவு, சின்ன ஆர்டரும் எடுப்பார்கள். கூழுக்குப் பதில் ரப்பர் பால், உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சூட்டுக்குப் பதில் பிளாஸ்டரின் உறிஞ்சும் குணம் என்று மாற்றினால் வேலை முடிந்தது. பாலில் இருக்கும் தண்ணீரைப் பிளாஸ்டர் இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டரில் இருக்கும் கால்சியமும் பாலை உறையவைக்கக் கைகொடுக்கும். ரப்பர் பொம்மைகளை இப்படி வார்ப்பது பழைய முறைதான்.

“தோட்டத்துப் பாலையே ஊத்திடலாமே” என்று குழுவில் ஒருவர் கேட்டார். ரப்பர் வாங்க விற்க ரப்பர் வாரிய உரிமம் வேண்டும் என்பது ஒரு பக்கம். மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். அப்படியே காயவைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பார்க்கும்வரை பெரும்பாலான ரப்பர் அந்த லட்சணம்தான். அதனால் நான் வாங்கியது பாலாக இருக்கும்போதே கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்த்துப் பதப்படுத்திய வகை, ஈப்போவில் கிடைத்தது. மையவிலக்கில் சுற்றித் தண்ணீரைக் குறைத்திருப்பதால் அதில் 60 சதவீதம் ரப்பர். உறையாமலிருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள்.

டப்பாவைத் திறந்ததும் சின்னம்மா சமையற்கட்டிலிருந்தே கேட்டார்: “என்ன தம்பி, பால் ஸ்டோர் வாசம் அடிக்குது?” வயசுக்காலம் வரைக்கும் பால் வெட்டியவர். வந்து விரலால் தொட்டுப் பார்த்து, “இவ்வளவு கெட்டியாவா பால் இருக்கும்? வடிகட்டினியா?” என்றார். வடிகட்டவில்லை. அவர் பழைய நைலான் காலுறையைக் கொண்டுவந்து வாளி வாயில் கட்டினார். டப்பா ஓரத்தில் உறைந்திருந்த கட்டிகள் அதில் நின்றன. சின்னக் கட்டி ஒன்று எழுத்துப் பள்ளத்தில் சிக்கினாலும் அந்த வார்ப்பு வீண்தான்.

வடிவம் பற்றி வந்த வாக்குவாதம்தான் பெரிசு. கோலாகங்சாரில் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, அதன் படத்தைப் போடலாம் என்றார் ஒருவர். கிளையும் இலையுமாக இருக்கும் உருவம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினால் வெறும் பூஞ்சைக் கறை மாதிரிதான் தெரியும். அடிமரம், அதில் சாய்ந்த வெட்டு, கீழே பால் வடியும் மங்கு, போதும் என்றேன். ஒரு பையன் அழகாக வரைந்து கொடுத்தான். காகிதத்தைப் பார்த்த சின்னம்மா சிரித்துவிட்டார்.

“இது யாரு மரம்? வெட்டு தலைகீழா இருக்கு. இடது கைப் பக்கம் மேல, வலது கைப் பக்கம் கீழன்னு இருக்கணும். இப்படி வெட்டியிருந்தா கங்காணி காலையில ஆள் எண்ணுற பெரட்டுலயே பேர் சொல்லி ஏசியிருப்பாரு.”

அவர் சொன்னது வெறும் பழக்கம் மட்டும் இல்லை. பட்டைக்குள் பால் நாளங்கள் நேர்ச்செங்குத்தாக ஓடாமல் லேசாக வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும், அதிகப் பால் வரும். படத்தைத் திருத்தினோம். தோட்டத்து ஆட்கள் கைக்குப் போகிற பொருள், முதல் ஆளே இதைத்தான் பார்த்திருப்பார்.

மூல உருவைச் செதுக்க ரப்பர் மரப் பலகைத் துண்டு எடுத்தேன். தளவாடப் பட்டறைகளில் சும்மாவே கொடுப்பார்கள். உயரம் 45 மில்லிமீட்டர், கனம் 4, எழுத்தும் வெட்டும் மேலே 1.5 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு. பக்கச் சுவர்களை நேராக நிறுத்தாமல் மேல்நோக்கிக் கொஞ்சம் உள்வாங்கிச் சாய்த்தேன். ஆலை அச்சுகளிலும் ஒன்று இரண்டு டிகிரி சாய்வு இருக்கும், இல்லாவிட்டால் பொருள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வராது. ரப்பர் வளைந்து வந்துவிடும், ஆனால் மரத்திலிருந்து பிளாஸ்டரைக் கழற்ற அந்தச் சாய்வு வேண்டும். இரண்டு பூச்சு லேக்கர் அடித்துக் காயவிட்டு, வாசலின் தடவி, துணியால் துடைத்து எடுத்தேன். பளபளப்பு மட்டும் மிஞ்சினால் போதும். எண்ணெய்ப் பசை அதிகமாகி அச்சுக்குள் ஏறினால் அந்த இடத்தில் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது.

100 கிராம் பிளாஸ்டருக்கு 70 மில்லி தண்ணீர். தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊறியதும் குமிழி கிளம்பாமல் மெதுவாகக் கலக்கி, மூல உருவைச் சுற்றி அட்டை வேலி கட்டி ஊற்றினால் அரை மணி நேரத்துக்குள் சூடாகி இறுகிவிடும். இப்படிப் பன்னிரண்டு அச்சு எடுத்தேன். பாட்டில் மூடி அடிக்கிற ஆலையில் ஒரே உருக்கு அச்சில் பல குழிகள் இருக்கும். எனக்கு ஒன்று காய்கிற நேரத்தில் மற்றதில் ஊற்ற இத்தனை குழி. அச்சுகளைப் பல நாள் காற்றில் காயவிட்ட பிறகே வேலை தொடங்கினேன். ஈரமான பிளாஸ்டர் பாலிலிருந்து தண்ணீரை இழுக்காது.

நிறம் ஏற்றும் விதம் முழுக்க அந்த பிவிசிக்காரர்களிடம் கற்றதுதான். தண்ணீரில் கரைத்த நிறமியைப் பாலில் கலந்து, மருந்துக் கடை ஊசிக்குழலால் எழுத்துப் பள்ளங்களில் வெள்ளைப் பாலையும் மரப் பள்ளத்தில் பழுப்பையும் முதலில் விட்டேன். ஓரிரு நிமிடத்தில் பளபளப்பு மங்கி, மேலே தோல் படிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்புறப் பச்சையை ஊற்றினால் நிறங்கள் கலக்காது, அடியில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முந்தி ஊற்றினால் எழுத்து கரைந்து ஓடும், ரொம்பப் பிந்தினால் ஒட்டாமல் உரிந்து வரும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஈரப் பால் வெள்ளையாக இருப்பதால் எந்த நிறமும் வெளுத்துத் தெரியும். காய்ந்ததும் ரப்பர் பழுப்பான கண்ணாடித்தன்மைக்கு மாறி, நிறம் அடர்த்தியாகிவிடும். ஈரத்தில் கிளிப்பச்சையாகத் தெரிந்தது காய்ந்ததும் இலைப்பச்சை ஆனது. எழுத்து வெள்ளையாக நிற்க டைட்டேனியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி கட்டாயம் வேண்டும்.

ஊற்றிய பால் தண்ணீர் போகப் போகக் கீழே இறங்கும். இரண்டு மூன்று முறை மேலே நிரப்ப வேண்டியிருக்கும். ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே தண்ணீர் அடைபட்டுவிடும். 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாததற்குக் காரணம் இதுதான். ஓரம் அச்சுச் சுவரை விட்டு விலகியதும் டால்கம் பவுடர் தூவி, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தேன். அச்சிலிருந்து முதல் கீ செயின் உரிந்து வந்தபோது மங்கின் விளிம்பில் என் உளி பிசகிய கீறல்கூட அப்படியே பதிந்திருந்தது. பிளாஸ்டர் எதையும் விடாது.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறல். பாலில் மிச்சமிருக்கும் புரதம், சோப்பு, அம்மோனியா எல்லாம் கழுவிப் போகும். கையுறை ஆலைகளில் பீங்கான் கைகளைப் பாலில் தோய்த்தெடுத்த பின் தண்ணீர்த் தொட்டிகளில் ஓட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். காற்றாடிக்குக் கீழே நிழலில் காயவைத்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே ஈரம் இருக்கும் இடம் வெள்ளை மேகமாகத் தெரியும். அது மறையும்வரை விடக்கூடாது. முழுக்கக் காய்ந்த ஒன்றைத் தண்ணீரில் போட்டேன். நிறமி சேர்த்தும்கூட மிதந்தது.

வளையம் மாட்டுகிற இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கீ செயின் வளையத்தில் பித்தளைக்கு மேல் நிக்கல் முலாம் பூசியதும் உண்டு. முலாம் தேய்ந்தால் பித்தளையில் இருக்கும் செம்பு ரப்பரைத் தொடும். செம்பும் மாங்கனீசும் ரப்பருக்கு விஷம், பட்ட இடம் பிசுபிசுத்து அழுகிவிடும். தோட்டத்தில் வாளியும் உறைய வைக்கும் தொட்டியும் அலுமினியமாக இருந்தது நினைவிருக்கிறதா? நான் தூண்டில் சாமான் கடைக்குப் போய், பெரிய மீனுக்கான துருப்பிடிக்காத எஃகு வளையங்களை வாங்கினேன். பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கருவியால் வட்டமாகத் துளைத்தால் ரப்பர் கிழியாது. கத்தியால் கீறினால் அந்த முனையிலிருந்தே கிழிய ஆரம்பிக்கும்.

ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம்: இது இயற்கை ரப்பர், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாங்க வேண்டாம், பெட்ரோல், எண்ணெய் படாமல் வைக்கவும், ஊறி உப்பிவிடும், வெயிலில் போட்டு வைக்காதீர்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் லாரியும் ஒர்க்‌ஷாப்புமாக இருப்பவர்கள், கிரீஸ் கையோடுதான் சாவியை எடுப்பார்கள். அவர்களுக்கு மட்டும் குழுச் செயலாளர் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டார். சொன்னால் கேட்கிறவர்களா என்பது வேறு.

பொருட்செலவு என்று பார்த்தால் மாதிரி கொண்டுவந்தவர் சொன்ன விலையைவிடக் குறைவுதான். என் நேரத்தைக் கூலியாகக் கணக்குப் போட்டால் கதையே மாறிவிடும். பிளாஸ்டர் அச்சு ஒவ்வொரு வார்ப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, எழுத்தின் முனை மழுங்குகிறது. கடைசியில் எடுத்தவற்றை முதலில் எடுத்தவற்றோடு பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இப்போது கோயில் கமிட்டியிலிருந்து கேட்டிருக்கிறார்கள், தைப்பூசத்துக்கு 2,000 வேண்டுமாம். அந்த எண்ணிக்கைக்குப் பிளாஸ்டரும் ஊசிக்குழலும் சரிப்படாது, ஆலைக்கே போங்கள், அச்சுக்கூலி அங்கே பங்கிட்டுப் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். வேல் உருவத்துக்கு மூல மாதிரி மட்டும் நான் செதுக்கித் தருகிறேன், முனையைக் கூராக்காமல் உருட்டிவிடுவேன், ரப்பரோ பிவிசியோ கூர்முனைதான் முதலில் கிழியும். அப்புறம், வாங்குவதற்கு முன் மாதிரியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் செம்புக் கம்பியாலும் சோதித்துப் பாருங்கள். சுடர் பச்சையானால் ‘ரப்பர்’ என்று விலை பேசவிடாதீர்கள், பிவிசி விலைக்கு இறக்கிப் பேசுங்கள்.